இரு கடைகளும் ஒரு வாடிக்கையாளரும்

சித்திரப் படங்களைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் மறந்து விடுகிறோம். ஆயினும், சில படங்கள் சிரிப்புக்குள்ளே நல்லதொரு பாடத்தையும் பொதிந்து வைத்திருக்கின்றன. அத்தகைய படம் ஒன்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1939-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘கஸ்டமர்ஸ் வாண்டட்’ என்னும் கறுப்பு வெள்ளைச் சித்திரப் படம் வெளிவந்தது. ‘வாடிக்கையாளர் தேவை’ என்பது அப்பெயரின் பொருள். கீரை உண்டு வலிமை பெறும் மாலுமி பாப்பாய் அதன் நாயகன். ஈ. சி. சீகர் என்னும் ஓவியர் 1929-இல் செய்தித்தாள் படக்கதை ஒன்றில் இம்மாலுமியைப் படைத்தார். 1933 முதல் மேக்ஸ் பிளெய்ஷர், டேவ் பிளெய்ஷர் என்னும் சகோதரர்கள் அவனைத் திரையில் நடமாடச் செய்தனர். மேக்ஸ் தயாரிப்பாளர், டேவ் இயக்குநர். அவர்களின் படங்களைப் பாரமவுண்ட் நிறுவனம் திரையரங்குகளுக்கு வழங்கி வந்தது.

கதைச் சுருக்கம்

பாப்பாயும் அவன் எதிரியான பருத்த தாடிக்காரன் ப்ளூட்டோவும் அருகருகே பொழுதுபோக்குக் கூடம் நடத்துகின்றனர். ஒரு சென்ட் காசு போட்டால் படம் காட்டும் பெட்டிகள் இரு கூடங்களிலும் உள்ளன. ஆனால், ஆள் நடமாட்டம் இல்லை. அவ்வேளையில் விம்பி வந்து சேர்கிறான். இன்று உண்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை பணம் தருவதாகச் சொல்லும் பெருந்தீனிக்காரன் அவன். அவனைத் தன் பக்கம் இழுக்க இருவரும் போட்டியிடுகின்றனர். இவன் ஒரு படம் காட்டினால், அவன் இன்னொரு படம் காட்டுகிறான். போட்டி முற்றிக் கைகலப்பாகிறது. விம்பி என்ன செய்கிறான் தெரியுமா? அந்தச் சண்டையையே ஒரு காட்சியாக்கி, கூட்டத்தைக் கூட்டிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கி விடுகிறான்! வாடிக்கையாளனாக வந்தவன் முதலாளி ஆகிறான்; முதலாளிகள் இருவரும் கூத்தாடிகள் ஆகின்றனர்.

பெட்டிக்குள் படம் ஓடுவது எவ்வாறு?

அக்காலக் கூடங்களில் ‘மியூட்டோஸ்கோப்’ என்னும் கருவி பெயர் பெற்றிருந்தது. அதனுள் ஒரு சக்கரத்தைச் சுற்றி ஏறத்தாழ 850 படஅட்டைகள் செருகப்பட்டிருக்கும். காசு போட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி விழும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே மாறுபட்டிருப்பதால், படம் அசைவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றும். குறிப்பேட்டின் மூலைகளில் படம் வரைந்து, தாள்களை விரலால் வேகமாகப் புரட்டினாலும் இதே விந்தையைக் காணலாம்.

திரைப்படத்தின் அடிப்படையும் இதுவே. ஒரு விநாடிக்கு 24 படக்கட்டங்கள் ஓடுகின்றன. அப்படியானால் ஆறு நிமிடப் படத்திற்கு 8,640 கட்டங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தை இரு கட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், வரைய வேண்டியவை ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே, பிளெய்ஷர் சகோதரர்கள் சிக்கனமாக ஒரு வழி கண்டனர். விம்பி பெட்டிக்குள் பார்க்கும் காட்சிகளை அவர்கள் புதிதாக வரையவில்லை. 1936-இலும் 1937-இலும் தாம் எடுத்த இரு பாப்பாய் படங்களிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

போட்டி வேறு, பகை வேறு

இப்படத்தைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு பகுதிகள் புலப்படும். முதற்பகுதியில் இருவரின் கண்களும் விம்பியின்மீது உள்ளன. அவனுக்கு நல்ல காட்சியைக் காட்ட வேண்டும் என்று இருவரும் முயல்கின்றனர். அதனால் விம்பிக்கு நன்மை. இதுவே போட்டி. பிற்பகுதியில் இருவரின் கண்களும் ஒருவர்மீது ஒருவர் பாய்கின்றன. வாடிக்கையாளன் மறக்கப்படுகிறான், கூடம் மறக்கப்படுகிறது, எதிரியை வீழ்த்துவது ஒன்றே குறிக்கோளாகிறது. இதுவே பகை. போட்டி தொழிலை வளர்க்கும். பகை தொழிலையே விழுங்கும். ‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

படம் எடுத்தவர்களின் கதை

இப்பாடம் திரையோடு நின்றுவிடவில்லை. அப்படத்தை உருவாக்கிய சகோதரர்களின் வாழ்விலும் அது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. 1938-இல் அவர்கள் தம் படநிலையத்தை நியூயார்க்கிலிருந்து மயாமி நகருக்கு மாற்றி, பெரும்பொருட் செலவில் முழுநீளப் படங்கள் எடுக்கலாயினர். கடன் பெருகியது. இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பிய வருவாயும் குன்றியது. ஒன்றுபட்டு நிற்க வேண்டிய அவ்வேளையில் அண்ணனும் தம்பியும் மனக்கசப்புற்றுப் பேச்சையே நிறுத்திக்கொண்டனர். 1941-இல் படநிலையம் பாரமவுண்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1942-இல் அதன் பெயரும் ‘பேமஸ் ஸ்டூடியோஸ்’ என மாறியது. பூசல் மட்டுமே காரணம் என்று கூற இயலாது. கடனும் போரும் சேர்ந்தே அழுத்தின. ஆயினும், ஒற்றுமை இருந்திருப்பின் சுமை சற்றேனும் குறைந்திருக்கும் அன்றோ?

1955-இல் ‘பென்னி ஆண்டிக்ஸ்’ என்ற பெயரில் இதே கதை வண்ணப்படமாக மீண்டும் வந்தது. அதை எடுத்தது பேமஸ் ஸ்டூடியோஸ். சகோதரர்கள் வளர்த்த மரத்தின் கனி பிறர் கைக்குப் போய்விட்டது.

நாம் கொள்ள வேண்டியவை

மாணவச் செல்வங்களே! சித்திரத்தில் அடிபட்டவன் மறுகணமே எழுந்து நிற்பான். ஏனெனில், அவன் மையாலும் தாளாலும் ஆனவன். நம் தோழனோ தசையாலும் எலும்பாலும் ஆனவன். ஆகவே, பாப்பாயின் அடியைக் கண்டு சிரிக்கலாம். அதை விளையாட்டாகவும் செய்து பார்த்தல் ஆகாது. தேர்வில் தோழனை முந்த விரும்பினால் உங்கள் கண் பாடநூலின்மீது இருக்கட்டும். அவன் மதிப்பெண்மீது வேண்டா.

பெற்றோர்களே! தோட்டத்தில் உழைக்கும் நாமும் இதை எண்ணிப் பார்ப்போம். அண்ணன் தம்பிக்குள்ளும் அண்டை அயலாருக்குள்ளும் பூசல் மூளும்போது, ‘இச்சண்டைக்கு நுழைவுச் சீட்டு விற்பவர் யார்?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். அக்கேள்வியே பல பூசல்களை நிறுத்திவிடும்.

பயிற்சி

1. ஏழு நிமிடப் படத்திற்கு எத்தனை படக்கட்டங்கள் தேவை? (விடை: 10,080)
2. இருவர் சண்டையில் விம்பி எவ்வாறு பயன் அடைந்தான்?
3. போட்டிக்கும் பகைக்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டி விளக்குக.