ரேடியோவில் இரைச்சலா? முதலில் கம்ப்யூட்டர் அடாப்டரைச் சோதியுங்கள்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடல்தான் எங்கள் ஊர். வீட்டில் தாத்தாவின் பட்டுத்தறியும், அதற்குப் பக்கத்து அலமாரியில் அவருடைய மர்பி வால்வு ரேடியோவும் உண்டு. தறியில் உட்கார்ந்தால் ரேடியோ பாட வேண்டும். கண்ணும் கையும் காலும் வேலையில் இருக்கும். காது மட்டும் சென்னை வானொலியில் இருக்கும்.

2020-இல் என் அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. லேப்டாப்புடன் ஊருக்கு வந்து, தறி இருக்கும் கூடத்திலேயே மேஜை போட்டுக் கொண்டேன். சில நாட்களில் ரேடியோவில் இரைச்சல் அதிகமாகிவிட்டது. காஞ்சிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றோம். அவர் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினார். கடையில் அருமையாகப் பாடிய ரேடியோ, வீட்டுக்கு வந்ததும் மீண்டும் இரைந்தது. "ரேடியோவுக்கும் வயசாயிடுச்சுப்பா, விடு" என்றார் தாத்தா. அதன் பிறகு அவர் அதைப் போடவே இல்லை.

பல மாதங்கள் கழித்து ஒருநாள் பராமரிப்புப் பணிக்காக ஊர் முழுக்க மின்சாரம் நிறுத்தப்பட்டது. பேட்டரியில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டரைத் தாத்தா எடுத்துப் போட்டார். சென்னை வானொலி கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. மாலையில் மின்சாரம் வந்த அதே நொடியில் இரைச்சலும் வந்தது. நாள் முழுக்க என் லேப்டாப் பேட்டரியில் ஓடிக் கொண்டுதான் இருந்தது. அப்படியானால் குற்றவாளி ரேடியோவும் அல்ல, லேப்டாப்பும் அல்ல. அதன் அடாப்டர்!

உங்கள் வீட்டிலும் பழைய ரேடியோ ஒன்று இரைச்சலால் மூலையில் கிடக்கலாம். அதைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

மீடியம் வேவ் மட்டும் ஏன் பாதிக்கப்படுகிறது?

சென்னை 'ஏ' நிலையம் பல ஆண்டுகளாக 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறியப்படுகிறது. மீடியம் வேவ் ஒலிபரப்பில் ஏ.எம். என்ற முறை பயன்படுகிறது. ஒலிக்கு ஏற்றபடி ரேடியோ அலையின் உயரம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நம் ரேடியோ ஒலியாக மாற்றித் தருகிறது. வீட்டில் எழும் மின் பொறியும் அலையின் உயரத்தையே மாற்றுகிறது. எது பாட்டு, எது பொறி என்று ரேடியோவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே ஒலிக்கும்.

எஃப்.எம். முறையில் அலையின் உயரம் மாறுவதில்லை, அதிர்வெண்தான் மாறுகிறது. உயரத்தில் ஏறும் இரைச்சலை ரேடியோ வெட்டி எறிந்துவிடும். எனவே எஃப்.எம். தெளிவாக இருப்பதை வைத்து, வீட்டில் மின் இடையூறு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

அடாப்டர் என்ன செய்கிறது?

அந்தக் கால எலிமினேட்டர்களில் கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும். இன்றைய லேப்டாப் அடாப்டர், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாவற்றிலும் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின் மாற்றி. இது 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஆன்-ஆஃப் செய்கிறது. இதனால் அளவும் எடையும் குறைகின்றன, மின்சாரமும் மிச்சமாகிறது. ஆனால் இப்படி வெட்டி வெட்டி அனுப்பும்போது அந்த வேகத்தின் மடங்குகளிலும் அலைகள் உண்டாகின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். பல அடாப்டர்கள் 65 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. அதன் மடங்குகள் 585, 650, 715, 780, 845 என்று போகும். 715 என்பது சென்னையின் 720-க்கு 5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ரேடியோவுக்குள் கலந்தால் 5 கிலோஹெர்ட்ஸ் விசில் சத்தம் கேட்கும். அடாப்டரின் வேகம் சுமைக்கு ஏற்பச் சற்று மாறுவதால் அந்த விசிலும் ஏறி இறங்கும். எங்கள் வீட்டில் கேட்டது இதுதான்.

நல்ல அடாப்டர்களில் இந்த அலைகள் வெளியேறாமல் தடுக்க ஃபில்டர் இருக்கும். விலையைக் குறைப்பதற்காகச் சில மலிவான தயாரிப்புகளில் முதலில் கைவிடப்படுவது இந்த ஃபில்டர்தான். மின் கருவிகளால் ரேடியோவுக்கு வரும் இடையூறு புதிய பிரச்சினையும் அல்ல. இதற்கு அளவுகோல் வகுப்பதற்காகவே 'சிஸ்பர்' என்ற சர்வதேசக் குழு 1934-இல் பாரிஸில் உருவானது.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

1. டயலைத் திருப்பும்போது குறிப்பிட்ட இடைவெளிகளில் விசில் அல்லது உறுமல் வந்தால்: அடாப்டர், சார்ஜர், எல்.இ.டி. விளக்கு.

2. டயல் முழுக்க ஒரே மாதிரி "ர்ர்ர்" என்று கேட்டால்: எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். இதிலுள்ள டிரையாக், மின்னலையை விநாடிக்கு 100 முறை வெட்டுகிறது. ஃபேன் வேகத்தை மாற்றினால் சத்தமும் மாறும்.

3. மோட்டார் ஓடும்போது மட்டும் கரகரப்பு: மிக்ஸி, தையல் மெஷின் மோட்டார், நூல் சுற்றும் மோட்டார் போன்றவற்றில் கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி பறக்கிறது.

4. எப்போதாவது "பட்" என்ற ஒற்றைச் சத்தம்: ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட் அல்லது ஏதாவது ஒரு சுவிட்ச்.

5. டியூப் லைட் எரியத் தொடங்கும்போது நீண்ட கரகரப்பு: பழைய சோக் வகை விளக்கின் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். ரேடியோ இரைச்சலைக் குறைக்க வைக்கப்பட்டது அது.

6. வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் "ம்ம்ம்" என்ற சத்தம்: இது வெளியிலிருந்து வருவதல்ல. ரேடியோவின் ஃபில்டர் கெப்பாசிட்டர் பழுதாகி இருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

படிப்படியான சோதனை

முதலில் ஒரு பேட்டரி டிரான்சிஸ்டரை மீடியம் வேவில், நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. நிற்காவிட்டால் பக்கத்து வீட்டிலோ மின்கம்பத்திலோ இருக்கலாம்.

அடுத்து எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மெயினைப் போடுங்கள். ஒவ்வொன்றாகச் செருகி, எப்போது சத்தம் திரும்புகிறது என்று கவனியுங்கள். கையில் ஒரு தாளை வைத்துக் குறித்துக் கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் மூன்று குற்றவாளிகள் கிடைத்தனர்: என் அடாப்டர், தறிக்கு மேலே தொங்கிய எல்.இ.டி. டியூப், ஃபேன் ரெகுலேட்டர். ஒன்றை மட்டும் கண்டுபிடித்து நிறுத்தியிருந்தால் மற்ற இரண்டும் மறைந்தே இருந்திருக்கும்.

டிரான்சிஸ்டரின் உள்ளே நீளவாக்கில் ஒரு ஃபெரைட் தண்டு இருக்கும். தண்டின் முனை இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது சத்தம் மிகவும் குறையும். இதை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கலாம். திருமுக்கூடலுக்கு வடகிழக்கில் சென்னை இருப்பதால், அத்திசைக்குத் தண்டின் பக்கவாட்டைக் காட்ட வேண்டும், முனையை அல்ல.

சரி செய்வது எப்படி?

தூரம்: செலவில்லாத வழி இது. கருவிக்கு மிக அருகில் இடையூறு மிகவும் வேகமாகக் குறைகிறது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அது சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் வீட்டு ஒயரிங் வழியாகப் பரவும் இரைச்சலுக்கு இது போதாது.

ஃபெரைட் வளையம்: பழைய மானிட்டர் கேபிளின் முனையில் உருண்டையான ஒரு கட்டி பார்த்திருப்பீர்கள். அதனுள் இருப்பது ஃபெரைட். ஆனால் அந்தக் கட்டியை அப்படியே அடாப்டர் ஒயரில் மாட்டினால் மீடியம் வேவில் பலன் மிகக் குறைவு. பெரிய வளையத்தில் ஒயரைப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். சுற்றுகள் 10 ஆனால் தடுக்கும் திறன் சுமார் 100 மடங்காகும். நான் அடாப்டரின் இரண்டு பக்க ஒயர்களையும் தனித்தனி வளையங்களில் 12 சுற்று சுற்றினேன்.

லைன் ஃபில்டர்: ஸ்பைக் கார்டு வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பல ஸ்பைக் கார்டுகளில் திடீர் மின் உயர்வைத் தடுக்கும் பாகம் மட்டுமே இருக்கும். ஈ.எம்.ஐ. ஃபில்டர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சரியான எர்த் இணைப்பும் அவசியம்.

ரெகுலேட்டர்: டிரையாக் வகைக்குப் பதிலாக, படிப்படியாக வேகம் மாறும் கெப்பாசிட்டர் வகையைப் பொருத்தச் சொல்லுங்கள். இதில் அலையை வெட்டும் வேலை இல்லை.

எல்.இ.டி. விளக்கு: பாக்கெட் டிரான்சிஸ்டரைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். எரியும் விளக்கின் அருகே பிடித்துப் பார்த்து, சத்தம் குறைவானதை வாங்குங்கள். கடைக்காரர் என்னை வேடிக்கையாகத்தான் பார்த்தார். மூன்றாவது டியூபில் தேறினேன்.

ஏரியல்: பழைய வீடுகளில் கூடத்துக்குள் வலை போலப் பின்னிய ஏரியல் கட்டியிருப்பார்கள். இன்று வீட்டுக்குள் இருக்கும் ஏரியல், இரைச்சலைத்தான் முதலில் வாங்கும். எனவே மாடியில், மின்கம்பிகளிலிருந்து தள்ளி 10 மீட்டர் ஒயரைக் கட்டி, கோ-ஆக்சியல் கேபிள் மூலம் உள்ளே கொண்டு வாருங்கள். இடி மின்னல் சமயத்தில் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

எச்சரிக்கை

சில பழைய வால்வு ரேடியோக்கள் ஏ.சி./டி.சி. வகையைச் சேர்ந்தவை. வால்வுகளின் எண்கள் 'யூ' என்ற எழுத்தில் தொடங்கினால் இந்த வகையாக இருக்கலாம். இவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. உள்ளே உள்ள உலோகச் சட்டத்தில் நேரடியாக 230 வோல்ட் இருக்கக்கூடும். பின்மூடியைத் திறக்கவோ, சட்டத்தில் எர்த் கொடுக்கவோ கூடாது. அதேபோல் அடாப்டரையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். மேலே சொன்ன வழிகள் அனைத்தையும் கருவிகளைத் திறக்காமலே செய்யலாம். ரெகுலேட்டரை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போதும் இரைச்சல் முழுவதும் போய்விடவில்லை. எதிர்வீட்டில் நூல் சுற்றும் மோட்டார் ஓடினால் கரகரப்பு வரும். அது அவர்களுடைய பிழைப்பு. அந்த நேரத்தில் தாத்தா வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக் கொள்கிறார். அடாப்டரைச் சரி செய்த அன்று அவரிடம், "இத்தனை மாசமா ஏன் தாத்தா சொல்லல?" என்று கேட்டேன். "நீ மெஷினைத் திறந்ததும்தான் சத்தம் வரும்னு எனக்குத் தெரியும்ப்பா. உன் வேலை கெடக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர் யாராவது ரேடியோ கேட்பதை நிறுத்தியிருந்தால், காரணத்தைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ரேடியோவைப் போட்டுப் பாருங்கள்.