ஆட்டக்களமும் வானெல்லையும்

நிலத்தின் எல்லையைக் கல்நட்டுக் காட்டலாம். நீர்த்துறையின் எல்லையை மிதவையிட்டுக் காட்டலாம். வானின் எல்லைக்கோ கல்லுமில்லை, மிதவையுமில்லை. அறிவிப்பு ஒன்றே அதற்கு வேலியாவது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் பெரிய விளையாட்டரங்குகளின்மேல் இடப்பட்டுள்ள அத்தகைய வேலியொன்றையும், அதனால் விமானக் காட்சிகளுக்கு நேரும் இடர்ப்பாட்டையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆட்டக்களத்திற்கு வானிலிருந்து கேடு வரக்கூடும் என்பது வெறுங்கற்பனையன்று. 1976 ஆம் ஆண்டு டிசம்பர் 19 ஆம் நாள் பால்ட்டிமோர் நகர அரங்கில் அமெரிக்கக் காற்பந்தாட்டம் ஒன்று முடிந்த சில நிமிடங்களுக்குள், சிறு விமானம் ஒன்று மேல்மாடத்து இருக்கைகளில் வந்து மோதிற்று. உள்ளூர் அணி பெருந்தோல்வியுற்றமையால் மனஞ்சலித்த மக்கள் முன்னரே எழுந்து சென்றிருந்தனர். அதனால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆட்டம் இழுபறியாய் நீண்டிருக்குமாயின் விளைவு யாதாயிருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகின்றது.

எனினும் நாடு முழுமைக்கும் உரிய தடை 2001 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் நிகழ்ந்த கொடுந்தாக்குதலின் பின்னரே பிறந்தது. அதன் இயல்பு வருமாறு. 30,000 பேருக்குக் குறையாமல் அமரத்தக்க அரங்கில் முதனிலைப் பேஸ்பால் ஆட்டமோ, தொழில்முறைக் காற்பந்தாட்டமோ, முதற்பிரிவுக் கல்லூரிக் காற்பந்தாட்டமோ, பெரிய மோட்டார்ப் பந்தயமோ நிகழுங்கால், அவ்வரங்கைச் சூழ 3 கடல்மைல் தொலைவும், நிலத்தினின்று 3,000 அடி உயரமும் கொண்ட வான்வெளியில் விமானம் புகலாகாது. ஆட்டம் தொடங்குதற்கு ஒரு மணி முன்னர்த் தொடங்கும் இத்தடை, ஆட்டம் முடிந்து ஒரு மணி கழியும்வரை நிற்கும். அறிந்தே மீறுவோர் சிறைத்தண்டத்திற்கும் உரியராவர்.

இதற்கு விலக்குகளும் உள. போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் இசைவோடு அண்டை விமானநிலையத்தில் இறங்குவனவும் எழுவனவும் தடைப்படா. படைத்துறை, காவல்துறை, நோயாளரை ஏற்றிச்செல்லும் விமானங்கள் ஆகியவற்றிற்கும் வழியுண்டு. 2003, 2004 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பேரவை இயற்றிய செலவினச் சட்டங்கள் இத்தடையை வலியுறுத்தி, சிறப்பிசைவு பெறத்தக்கார் இன்னார் எனச் சுருக்கின. ஆட்டத்தைப் படம்பிடித்து ஒளிபரப்பும் உரிமை பெற்றோர் அவ்வட்டத்துள் இடம்பெற்றனர். விளம்பரத் துகிலை வானில் இழுத்துச் சென்று பிழைக்கும் சிறு விமானிகள் இடம்பெறவில்லை. கூட்டங்கூடும் இடமே அவர்க்குச் சந்தையாதலின், அச்சந்தையே அவர்க்கு மூடப்பட்டதாயிற்று. ஒரே வானில் ஒருவர்க்கு வாயிலும் மற்றவர்க்கு மதிலும் அமைந்தது முறையோ என்று அவர்கள் முறையிட்டது வியப்பன்று.

இனி, விமானக் காட்சிகளின் நிலையை நோக்குவோம். ஈரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரத்தில், பர்க் ஏரிமுனை விமானநிலையத்தில், 1964 ஆம் ஆண்டு முதல் தொழிலாளர் திருநாளையொட்டி விமானக் காட்சி நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. அந்நிலையத்தை அடுத்தே காற்பந்தரங்கு. நகர் நடுவே பேஸ்பால் அரங்கு. இரண்டில் எதன் மேல் வட்டம் வரைந்தாலும் விமானநிலையம் அதனுள் அடங்கிவிடும். பேஸ்பால் அணியொன்று ஒரு பருவத்தில் ஆடும் 162 ஆட்டங்களுள் 81 சொந்த அரங்கில் நிகழ்வன. செப்டம்பர்த் தொடக்கமோ அப்பருவத்திற்கு உட்பட்டதே. பிற்பகல் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கி மூன்று மணிநேரம் நடக்குமாயின், நண்பகல் முதல் மாலை ஐந்து மணிவரை வான் அடைபடும். காட்சிக்கு உகந்த பொழுதும் அதுவே. ஆட்டம் இரவு ஏழு மணிக்காயின் மாலை ஆறு மணிக்குள் காட்சியை முடித்துக்கொள்ளலாம். ஆகவே விமானக் காட்சி நடத்துவோர் வானிலையை நோக்குமுன் ஆட்டக் குறிப்பேட்டை நோக்கவேண்டியவராயினர். படைத்துறைச் சாகச அணிகளின் நாள்கள் நெடுங்காலம் முன்னரே உறுதிப்படுவன. ஆதலின் பிந்தி அறியும் செய்தியால் பயனில்லை.

தனிவிமானிகளின் துன்பமும் இத்தகையதே. பேஸ்பால் ஆட்டத்திற்குக் கடிகார எல்லை இல்லை. மழை வந்தால் தாழ்க்கும், சமன்பட்டால் நீளும். பொது அறிவிப்போ முதலில் அரங்கின் பெயரையும் ஆட்ட நேரத்தையும் தனித்தனியே குறியாமல் வெளிவந்தது. குற்றத்தின் எல்லை எங்குள்ளது என்றறியாதவன் அதனைக் கடவாதிருத்தல் எங்ஙனம்?

இத்தடை காக்குமோ என்று வினவுவாரும் உளர். மணிக்கு 100 கடல்மைல் செல்லும் சிறு விமானம் அவ்வெல்லையிலிருந்து அரங்கை இரண்டு நிமிடத்திற்குள் அடையும். 2017 ஆம் ஆண்டு நவம்பரில் ஒருவர், கலிபோர்னியாவில் காற்பந்தாட்டம் நிகழ்ந்த இரண்டு அரங்குகளின்மேல் ஆளில்லா விமானத்தைச் செலுத்தித் துண்டறிக்கைகளை வீசினார். அறிக்கையே வீழ்ந்தது நற்பேறு. ஆயினும் தடை பயனற்றது என நாம் முடிவுசெய்யோம். வேலியுள்ள தோட்டத்திலேயே புகுந்தவன் யாரென்று கேட்க இயலும். வேலியில்லாவிடத்து வழிப்போக்கனும் கள்வனும் ஒன்றே.

அவ்வேலி பயன்பட வேண்டுமாயின் காப்போர் தம்முள் பேசிக்கொள்ளுதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் வாஷிங்டன் நகரப் பேஸ்பால் அரங்கில், ஆட்டத்திற்குமுன் படைத்துறைப் பாராச்சூட் வீரர்கள் வானினின்று இறங்கினர். அவர்களை ஏந்திய விமானத்தைப் பற்றி முன்னறிவிப்புப் பெறாத பேரவைக் காவலர் அதனைப் பகையென ஐயுற்று, பேரவை மாளிகையினின்று மக்களை வெளியேற்றினர். முன்னறிவியாமை தம் பிழையென விமானத்துறையினரே பின்னர் ஒப்பினர். இசைவும் இருந்தது, காவலும் இருந்தது; இரண்டிற்கும் இடையே ஒரு சொல் இல்லை.

ஆதலின் வட்டத்தைப் பெரிதாக்குதலோ அழித்தலோ இதற்குத் தீர்வாகாது. ஆட்ட நாளும் நேரமும் விமானிகளுக்கு உரிய காலத்தில் தெளிவாக எட்டுதல் வேண்டும். ஆட்டக் கழகத்தாரும் காட்சி நடத்துவோரும் நாள் குறிக்குமுன் கலந்து பேசுதல் வேண்டும். இசைவு வழங்குங்கால் செல்வாக்கை நோக்காது அச்சத்தின் அளவையே நோக்குதல் வேண்டும். கட்டளை இடுவோன் அதனை உணர்த்தவும் கடமைப்பட்டவன். களத்தில் அமர்ந்து ஆர்ப்பரிக்கும் மக்களும், கரையில் நின்று அண்ணாந்து நோக்கும் மக்களும் ஒரே நகரத்தாரல்லரோ? ஒருசாரார் காவலும் மற்றொருசாரார் களிப்பும் ஒருங்கே நிற்றற்கு அவ்வானில் இடமுண்டு என்பதே நம் துணிபு.