பழைய வீட்டில் கதிரியக்கப் பொருள்: கண்டுபிடிப்பது, கையாள்வது, ஒப்படைப்பது எப்படி?

சிங்கப்பூரில் தோ பாயோவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பல 1960களிலும் 70களிலும் எழுந்தவை. மூன்று தலைமுறை புழங்கிய வீட்டில், தீபாவளிக்கு முன் அலமாரியை ஒழிக்கும்போது தாத்தாவின் கைக்கடிகாரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, யாரோ அன்பளிப்பாகத் தந்த பென்டன்ட் என்று பலவும் வெளியே வரும். இவற்றில் சிலவற்றுக்குள் கதிரியக்கப் பொருள் இருக்கக்கூடும். பதறிப்போய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டவும் வேண்டாம்; என்னவென்று பார்க்கத் திருப்புளியை எடுக்கவும் வேண்டாம். உள்ளே அடங்கி இருக்கும்வரை இவற்றால் வரும் தீங்கு மிகக் குறைவு. தூளாகி மூச்சிலோ வாயிலோ போகும்போதும், உடம்போடு ஒட்டி நாள்கணக்கில் கிடக்கும்போதும்தான் கவலைப்பட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

1. தேவையில்லாத பயத்தை முதலில் கழித்துவிடுங்கள்

கைப்பேசி, வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றிலிருந்து வரும் அலைகள் கதிரியக்கம் அல்ல. சுவிட்சை அணைத்தால் அவை நின்றுவிடும். கதிரியக்கப் பொருளை அப்படி அணைக்க முடியாது. அது தன் போக்கில் சிதைந்துகொண்டே இருக்கும். நீங்கள் தேடவேண்டியது அந்த வகைப் பொருள்களை மட்டுமே.

2. கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஒளியால் புகையை உணரும் கருவியில் கதிரியக்கப் பொருள் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பழைய கருவி என்றால் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுச் சின்னமோ, அமெரிசியம்-241 என்ற குறிப்போ இருந்தால் அது அயனியாக்க வகை. அதில் பொதுவாக ஒரு மைக்ரோகியூரி அளவு அமெரிசியம் இருக்கும். எடையில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை ஒரு தாளே தடுத்துவிடும். எனவே மாற்றுக் கருவி மாட்டும்வரை அது கூரையிலேயே இருக்கட்டும். எச்சரிக்கை இல்லாத வீட்டில் தீ பிடிப்பதுதான் பெரிய ஆபத்து. உள்ளிருக்கும் சிறிய உலோகக் கூட்டை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

3. பழைய கடிகாரங்களைப் பிரித்து வையுங்கள்

எண்களும் முட்களும் இருட்டில் ஒளிர, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் ரேடியம் கலந்த பூச்சைத் தடவினார்கள். காலப்போக்கில் அந்தப் பூச்சு பழுப்பேறி, ஒளிர்வதும் நின்றுபோகும். ஒளி போனதால் ரேடியமும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். தேய்ந்துபோனது ஒளிர்வதற்காகச் சேர்த்த துத்தநாக சல்ஃபைடு மட்டுமே. ரேடியம்-226 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். முகப்பின் அடியில், ஆங்கிலத்தில் சுவிஸ் தயாரிப்பு என்று பொறித்த வரியின் இருபுறமும் ‘டி’ எழுத்து இருந்தால் அது பிற்காலத்து டிரிட்டியம் பூச்சு. அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல்; வீரியமும் குறைவு.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே வாங்கிய கடிகாரங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றாதீர்கள்; உதிர்ந்த பூச்சைச் சுரண்டாதீர்கள்.

4. விளக்கின் மேண்டிலைத் தொடுவதற்கு முன்

பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் தோரியம் உண்டு. இதில் தமிழ் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல், தென்னை நார்க் கயிற்றோடு ஒட்டிவந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமம் இருப்பதைக் கண்டார். அதைத் தொடர்ந்து கன்னியாகுமரிக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அந்தக் கடற்கரை மணலின் தோரியம் ஐரோப்பிய எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குப் போனது.

புது மேண்டில் மெல்லிய துணிப்பை போல இருக்கும். ஒருமுறை எரிந்ததும் விரல் பட்டாலே பொடியாகும் சாம்பல் கூடாகிவிடும். அந்தப் பொடியை ஊதக் கூடாது. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஈரத் தாளால் மூடி எடுத்து, அப்படியே பையில் போடுங்கள்.

5. ‘எதிர்மறை அயனி’ அணிகலன்களைக் கழற்றிவிடுங்கள்

உடனே செய்யவேண்டியது இதுதான். ‘எதிர்மறை அயனி’ வெளியிட்டு உடம்புக்குச் சக்தி தரும், 5ஜி அலைகளைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் சில பென்டன்டுகளிலும் கைவளையங்களிலும் கதிரியக்கக் கனிமத் தூள் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிந்தது. நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களை அணியவேண்டாம் என்று எச்சரித்தது. அவற்றில் குழந்தைகளுக்கான கைவளையமும் ஒன்று. தென்கொரியாவில் 2018இல் மோனசைட் தூள் சேர்த்த மெத்தைகளிலிருந்து ரேடான் வாயு வெளிவந்தது தெரிந்து, அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். கடிகாரம் அலமாரியில் கிடக்கிறது. பென்டன்டோ இரவும் பகலும் நெஞ்சில் கிடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் வலி தீரும் என்று நம்பி அணிந்திருந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்லிக் கழற்றச் செய்யுங்கள்.

6. பொட்டலம் கட்டுங்கள்

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக ஜிப் பையில் போட்டு மூடுங்கள். அதை மூடியுள்ள டப்பாவில் வைத்து, உள்ளே என்ன என்று மேலே எழுதி ஒட்டுங்கள். படுக்கையறையிலும் குழந்தைகளுக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். ஏதாவது உடைந்து சிந்தினால் துடைப்பமோ வேக்குவமோ போடாதீர்கள். தூள் அறை முழுக்கப் பறக்கும். ஈரத் தாளால் ஒற்றியெடுத்து, அந்தத் தாளையும் பையில் கட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

7. சரியான கையில் ஒப்படையுங்கள்

குப்பைக் குழாயில் போட்டால் அது எரிஆலைக்குப் போகும். சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகும். ரேடியமும் தோரியமும் எரிந்து அழிவதில்லை. புளோக்கின் கீழே வைத்திருக்கும் மின்கழிவுப் பெட்டி பேட்டரி, பல்பு, கணினிச் சாதனம் போன்றவற்றுக்கானது. பழைய பொருள் வாங்கும் காரங்குனியிடம் கொடுத்தால் அவர் தெரியாமல் பிரித்துப்பார்க்க நேரும். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு, பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் விட்ட கதிரியக்கக் கருவி வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் பிரித்ததில் ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அதன் வீரியம் வீட்டுப் பொருள்களோடு ஒப்பிடவே முடியாதது. ஆனாலும் அங்கே நடந்த தவறு ஒன்றுதான்: உள்ளே இருப்பதைச் சொல்லாமல் கைமாற்றியது.

சிங்கப்பூரில் கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்துவது, 2007ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தேசியச் சுற்றுப்புற வாரியம். பொருளின் முன்பக்கம், பின்பக்கம், அதில் உள்ள எழுத்துகள் ஆகியவற்றைப் படம் எடுத்து வாரியத்துக்கு அனுப்பி, என்ன செய்வது என்று கேளுங்கள். பதில் வரும்வரை டப்பாவைத் திறக்கவேண்டாம் என்று வீட்டுப் பணிப்பெண் உட்பட எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.