பாட்டி விட்டுச்சென்ற சொற்கள்

நுழையும்முன்

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலைத்திருக்கிறது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஓர் எளிய பெண்ணின் வரலாறு எங்கே நிலைத்திருக்கும்? மலேசிய இரப்பர்த் தோட்டங்களில் உழைத்து மறைந்த தமிழ்ப் பாட்டிகளைப் பேரப்பிள்ளைகள் நினைவுகூரும் முறை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கடல் கடந்த பெண்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின; இரப்பரின் தேவையும் பெருகிற்று. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டு இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கு உழைப்பதற்காகத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியாக மக்கள் திரட்டப்பட்டனர். வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த, குடும்பங்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறின. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயர் மலேசியத் தமிழர் இல்லங்களில் இன்றும் பேசப்படுகிறது.

உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்திட்டத்தின்கீழ் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. அதற்கு முன்னர்ச் சிறுமியராகவும் புதுமணப் பெண்களாகவும் சென்றவர்களே இன்றைய தலைமுறை பாட்டி என்றும் பூட்டி என்றும் போற்றும் பெண்கள்.

இருளில் தொடங்கிய நாள்கள்

தோட்டத்துப் பெண்ணின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கியது. வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே, இருள் பிரியும் முன்னரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக மரங்களை நோக்கி நடக்க வேண்டும். பட்டையைச் சீவுவதில் நுட்பம் தேவை. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வடியாது. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்க, தாய் காட்டில் பால் சேகரித்தாள். ஆணுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த கூலியே அவளுக்குக் கிடைத்தது. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின் அடுப்பு காத்திருந்தது.

போரும் பசியும்

1942 முதல் 1945 வரை மலாயா சப்பானியரின் ஆட்சியில் இருந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைக்கத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் பெருந்தொகையினர் அங்கேயே மடிந்தனர். கணவர் திரும்பாத லயங்களில் பெண்களே குடும்பத்தைக் காத்தனர். 1943இல் சிங்கப்பூரில் உருவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களுள் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர்.

அரிசி கிடைக்காத அந்நாள்களில் மரவள்ளிக்கிழங்கே உயிர் காத்தது. பின்னாளில் பாட்டி அவித்துத் தந்த கிழங்கு பேரப்பிள்ளைகளுக்குத் தின்பண்டம்; பாட்டிக்கோ அது பிழைத்திருந்ததன் நினைவு. காலை உணவைப் 'பசியாறல்' என்பது மலேசியத் தமிழ் வழக்கு. "பசியாறியாச்சா?" என்று வீட்டுக்கு வருவோரைப் பாட்டி கேட்பாள். பசியை அறிந்தவளின் வாயில் அது வெறும் முகமனன்று.

சொல்லில் வாழும் வரலாறு

பாட்டியின் பேச்சில் இரண்டு நிலங்கள் வாழ்ந்தன. பிறந்த ஊரின் பழமொழியும் தாலாட்டும் ஒருபுறம். இரப்பரைக் குறிக்கும் 'கித்தா', பால் வடியும் கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கு' ஆகிய மலாய்வழிச் சொற்கள் மறுபுறம். அவள் எழுதப் படிக்க அறியாதவளாக இருக்கலாம். எனினும், ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, யாரை இழந்தது, எவ்வாறு வேரூன்றியது என்பன அவள் நாவில் இருந்தன.

அலுவலகப் பதிவேட்டில் அவள் ஒரு பெயரும் ஒரு நாள் கூலியும் மட்டுமே. அப்பெயரும் பிறமொழி எழுத்தில் சிதைந்திருக்கும். பிறந்த ஊரின் பெயரை அவள் சொல்லக் கேட்டவர் குறித்துவைக்காவிடில், அவளோடு அந்த ஊருக்குத் திரும்பும் வழியும் மறைந்துவிடும்.

நினைவுகூர்தல்

பாட்டி மறைந்த பின் பதினாறாம் நாளில் உறவினர் கூடுகின்றனர். படத்தின் முன் அவள் விரும்பிய உணவைப் படைக்கின்றனர். துயரை ஆற்றும் வழி அது. ஆனால், படையலோடு நினைவுகூர்தல் நிறைவுபெறுவதில்லை. அவள் வாழ்ந்த தோட்டம் பல இடங்களில் செம்பனைக் காடாகவோ நகரமாகவோ மாறிவிட்டது. லயம் இல்லை, மரம் இல்லை, பிரட்டுக்களமும் இல்லை. சென்று காட்டுவதற்கு இடமில்லாத வாழ்வைச் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

அன்பு கொண்ட பேரப்பிள்ளைகள் இதனை உணர்ந்தே பாட்டியின் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்க்கின்றனர். ஒருவர் மறந்த பாடல் அடியை மற்றொருவர் நிரப்புகிறார். பாட்டியைப் பற்றி அழுவது அன்பு. அவள் சொன்னதை அடுத்த தலைமுறைக்குச் சொல்வது நன்றி. அந்நன்றியே எளியோர் வரலாற்றின் கல்வெட்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தின் மூத்த பெண் ஒருவரிடம் அவர் பிறந்த ஊர், இடம்பெயர்ந்த காரணம், அறிந்த பாடல் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக.

2. அவர் பேச்சில் மட்டும் வழங்கும் பத்துச் சொற்களைப் பொருளுடன் தொகுத்து வகுப்பில் பகிர்க.