'டாலி தெரியும்' என்றால் போதாது

பி.காம். முடித்துவிட்டு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு அனுப்பப்படும் ரெஸ்யூமேக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பிரவுசிங் சென்டரில் யாருடையதையோ திறந்து பெயரை மட்டும் மாற்றினால் வேறெப்படி இருக்கும்?

முதல் வேலை, நீக்குவது. அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனதா என்ற விவரம், ஆதார் எண், கடைசியில் வரும் உறுதிமொழி எதுவும் வேண்டாம். படிவத்தில் கேட்டால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். 'கடின உழைப்பாளி' என்று தொடங்கும் பத்தியையும் எடுத்துவிடுங்கள்; சோம்பேறி என்று யாரும் எழுதப்போவதில்லை.

அடுத்து, வேலை விளம்பரத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி, டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன் என்று அதில் இருந்தால், உங்களுக்குத் தெரிந்தவற்றை அதே சொற்களில் குறிப்பிடுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் தேடுகிறவர்கள் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள்.

இனி முக்கியமான இடம். 'டாலி தெரியும்' என்ற வரியால் பயனில்லை. அதில் என்ன செய்தீர்கள்? முதலில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள்: "டாலி பிரைமில் மாதம் சுமார் 200 கொள்முதல், விற்பனை பில்களைப் பதிவு செய்தேன். கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் பட்டியலிட்டு ஆடிட்டரிடம் கொடுத்தேன்." பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எண்ணிக்கை உங்களுடையதாகவே இருக்கட்டும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இன்டர்வியூவில் கேள்வி வரும். ஜிஎஸ்டிஆர்-1 என்று எழுதியவரிடம் கடைசித் தேதி கேட்பார்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு அது அடுத்த மாதம் 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. இதில் தடுமாறுவீர்கள் என்றால் அந்த வரியே வேண்டாம்.

அனுபவமே இல்லையா? லீவில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் பில் போட்டதும் ஸ்டாக் எடுத்ததும் அனுபவம்தான். எந்த ஊர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று சேர்த்து எழுதுங்கள். டூவீலர் லைசென்ஸ் இருந்தால் அதையும் போடுங்கள். பேங்க்குக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் அலையப்போவது புதிதாகச் சேர்ந்தவர்தான்.

படிப்புக்கு மூன்று வரி போதும். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், மார்க்‌ஷீட் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே பக்கம், பிடிஎஃப், கோப்பின் பெயரில் உங்கள் பெயர். கேட்டாலொழிய போட்டோ தேவையில்லை. கல்லூரியில் விளையாட்டாகத் தொடங்கிய மெயில் ஐடியை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் ஒன்று தொடங்குங்கள். அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, செல்போனில் திறந்து பாருங்கள், எச்.ஆரில் பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.