மலைக்கு நடந்து போ, மகள்

அன்பு மகளுக்கு,

அடுத்த கிழமை சிநேகிதிகளோடு திருகோணமலைக்கு வருகிறாய் என்று உன் அப்பா சொன்னார். கோணேசர் கோயிலைப் பார்க்காமல் போகமாட்டாய். கூட வர ஆசைதான், ஆனால் முழங்கால் விடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆட்டோ கோயிலடி வரைக்கும் போகும். நீ கோட்டை வாசலிலேயே இறங்கிவிடு. வாசல் கல்லில் கயல் சின்னமும் தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கின்றன, நின்று பார். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் வைத்துத்தான் கோட்டை கட்டினார்கள். வாகனத்தில் போகிறவருக்கு அது வெறும் வாசல். நடந்து போகிறவருக்குக் கோயில் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விடியப் போ, இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பிறகு போ. இது கச்சான் காற்று வீசும் காலம். மத்தியானத்தில் பாறை கொதிக்கும், கோயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தண்ணீர் கொண்டு போ. வழியில் புள்ளிமான்கள் கிட்ட வரும். பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதே. பையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

மேலே போனதும் இரண்டு பக்கமும் குடா தெரியும். எதிரே கிழக்கில் கடல் மட்டும்தான். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் கல்தூண்களைக் கண்டார்கள். இன்றைய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. நீ கீழே பார்க்கும் அந்த நீலத்துக்குள்ளும் ஒரு கோயில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்.

விளிம்பருகே ஒரு மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கட்டியிருக்கும். பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டியவை. காற்றில் ஒன்றோடொன்று முட்டும். அவற்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காதே. ஒவ்வொன்றும் ஒருத்தியின் கண்ணீர்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் தடுப்பைத் தாண்டிப் போகாதே. எனக்குப் பதினாறு வயதில், மழை விட்ட கையோடு அங்கே எட்டிப் பார்த்தேன். கால் வழுக்கியது. பின்னால் நின்ற உன் அப்பப்பா சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு பொத்தான்கள் அறுந்து கீழே போயின. விழுந்த சத்தமே கேட்கவில்லை. அப்பப்பா ஏசவில்லை, வீடு வரும்வரை என் கையை விடவும் இல்லை. அழகான இடத்தில்தான் மகள், கால் எங்கே நிற்கிறது என்பது மறந்துபோகிறது. பார்க்கும்போது நில், நடக்கும்போது பார்வை காலடியில் இருக்கட்டும்.

இறங்கியதும் நேரே வீட்டுக்கு வா. பெரியம்மா சாப்பாடு வைத்திருப்பாள். போனில் எடுத்த படங்களைப் பிறகு பார்ப்போம். முதலில் என் பக்கத்தில் இருந்து, வாசல் கல்லிலிருந்து தொட்டில் மரம் வரைக்கும் கண்டதை ஒன்றும் விடாமல் சொல்லு. இனி அந்த மலைக்கு நான் ஏறுவது உன் சொல்லால்தான்.

அன்புடன்,
பெரியப்பா