உழைத்த காலுக்குப் பத்து நிமிடம்

தினமும் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறோம். தலைக்கு எண்ணெய் வைக்கிறோம். கைக்கு வளையல் போடுகிறோம். ஆனால் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? முள் குத்தினால்தான் கால் இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது.

நம்மை நாள் முழுவதும் சுமப்பது கால்தான். நாற்று நடும் பெண் சேற்றில் நிற்கிறார். ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுபவர் கடை திறந்தது முதல் மூடும் வரை நிற்கிறார். சித்தாள் கல்லும் மண்ணும் சுமந்து படி ஏறி இறங்குகிறார். மூணாறு மலையில் கொழுந்து எடுக்கும் பெண் சரிவில் காலை ஊன்றி நிற்கிறார்.

மனித உடலில் 206 எலும்புகள் உண்டு. ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள். இரண்டு பாதத்திலும் சேர்த்து 52. அதாவது, உடலின் எலும்புகளில் கால் பங்கு காலடியிலேயே இருக்கிறது.

இவ்வளவு உழைக்கும் காலுக்கு நாம் என்ன செய்கிறோம்? ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. கொஞ்சம் எண்ணெயும் ஒருவருடைய கையும் போதும்.

நின்றால் ஏன் வலிக்கிறது?

இதயம் இரத்தத்தைக் கால் வரை அனுப்புகிறது. அந்த இரத்தம் திரும்பவும் மேலே ஏற வேண்டும். பள்ளத்தில் உள்ள தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவது போன்ற வேலை இது. இதற்குக் கெண்டைக்கால் தசை உதவுகிறது. நாம் நடக்கும்போது இந்தத் தசை சுருங்கி விரிகிறது. பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது.

ஒரே இடத்தில் நின்றால் இந்தப் பம்பு சரியாக வேலை செய்யாது. இரத்தம் காலில் தேங்குகிறது. மாலையில் பாதம் கனக்கிறது. லேசாக வீங்குகிறது. செருப்பு வாரின் தடம் பாதத்தில் பதிந்திருக்கிறது.

காலைப் பிடித்து விடும்போது இறுகிய தசை தளர்கிறது. கீழிருந்து மேலாக நீவும்போது தேங்கிய இரத்தம் மேலே ஏறுகிறது. மனமும் இளைப்பாறுகிறது. படுத்தவுடன் தூக்கம் வருகிறது.

நாடெங்கும் உள்ள பழக்கம்

இந்தப் பழக்கம் நம் நாட்டுக்குப் புதியது அல்ல. ஆயுர்வேதத்தில் பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பதைப் ‘பாதாப்யங்கம்’ என்கிறார்கள். ‘அஷ்டாங்க ஹிருதயம்’ என்ற பழைய மருத்துவ நூல் தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது. தலை, காது, பாதம் மூன்றையும் முக்கியமாகக் கவனிக்கச் சொல்கிறது.

ஊருக்கு ஊர் எண்ணெய் மாறும். கேரளத்தில் தேங்காய் எண்ணெய். தமிழ்நாட்டில் நல்லெண்ணெய். வங்காளத்திலும் பீகாரிலும் கடுகு எண்ணெய். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் உள்ளங்காலில் நெய் தடவுவார்கள். பிறகு சிறிய வெண்கலக் கிண்ணத்தால் தேய்ப்பார்கள்.

உங்கள் சமையலறையில் உள்ள எண்ணெயே போதும். விலை உயர்ந்த தைலம் வாங்கத் தேவையில்லை.

முதலில் செய்ய வேண்டியவை

• பிடித்து விடுபவர் கையைக் கழுவ வேண்டும். நகத்தை வெட்டியிருக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும்.

• காலை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம். அதனால் வேறொருவர் தொட்டுப் பார்ப்பது நல்லது.

• விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

• பிடித்துக்கொள்பவர் சாய்ந்து உட்காரலாம். படுத்தும் இருக்கலாம். காலுக்கு அடியில் ஒரு தலையணையும் பழைய துணியும் வைக்க வேண்டும்.

பிடித்து விடும் முறை

1. இரண்டு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்குங்கள். பாதம் முழுவதும் தடவுங்கள். விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம்.

2. இரண்டு கைகளாலும் பாதத்தைப் பிடியுங்கள். விரலிலிருந்து கணுக்கால் வரை மெதுவாக நீவுங்கள். ஐந்து ஆறு முறை செய்யுங்கள்.

3. இரண்டு கட்டை விரல்களையும் உள்ளங்காலில் வையுங்கள். குதிகாலிலிருந்து விரல் வரை சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே போங்கள். விரல் பலத்தால் மட்டும் அழுத்தாதீர்கள். உடம்பைச் சற்று முன்னே சாய்த்து அழுத்துங்கள். அப்போது உங்கள் கை வலிக்காது.

4. குதிகாலை உள்ளங்கையில் பிடித்துப் பிசைந்து விடுங்கள்.

5. ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை உருவி விடுங்கள். சொடுக்கு எடுக்க வேண்டாம். 

6. ஒரு கையால் கணுக்காலைத் தாங்குங்கள். மறு கையால் பாதத்தை வட்டமாகச் சுற்றுங்கள். வலப்பக்கம் ஐந்து முறை. இடப்பக்கம் ஐந்து முறை.

7. கடைசியாகக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கெண்டைக்காலை நீவி விடுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும்.

8. உள்ளங்கால் எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்து விடுங்கள். துடைக்காமல் எழுந்தால் வழுக்கி விழ நேரும்.

ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். இரண்டு காலுக்கும் பத்து நிமிடம். இடையிடையே, “இவ்வளவு அழுத்தம் போதுமா?” என்று கேளுங்கள். முரட்டுத்தனமாக அழுத்தினால்தான் பலன் கிடைக்கும் என்பது தவறான எண்ணம்.

கை பிடிக்கட்டும், கண் பார்க்கட்டும்

காலைப் பிடிப்பதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. அப்போதுதான் ஒருவர் காலை இன்னொருவர் அருகில் வைத்துப் பார்க்கிறார். மூணாறில் ஒரு லயத்து வீட்டில் நடப்பது போன்ற இந்த உரையாடலைப் படியுங்கள்.

மாமியாருக்கு அறுபது வயது. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய். மருமகள் இரவில் அவர் காலைப் பிடித்து விடுகிறார். வலது உள்ளங்காலில் கை வைத்ததும் நிறுத்துகிறார்.

“அத்தை, கால்ல என்ன இது? புண்ணு மாதிரி இருக்கே!”

“புண்ணா? எனக்கு ஒண்ணும் தெரியலையே, தாயி.”

“நான் அமுக்கினேனே. வலிக்கலையா?”

“வலியே இல்ல. வலிச்சா சொல்ல மாட்டேனா?”

மருமகள் செருப்பை எடுத்துப் பார்க்கிறார். அடிப்பக்கம் ஒரு சிறு ஆணி ஏறியிருக்கிறது. அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக அந்தச் செருப்பைத்தான் மாமியார் போட்டு நடந்திருக்கிறார்.

“காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம், அத்தை.”

“வலிக்காத புண்ணுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? மஞ்சள் வச்சா ஆறிடும்.”

“வலிக்காம இருக்கிறதுதான் அத்தை எனக்குப் பயமா இருக்கு.”

மருமகள் சொன்னது சரி. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கலாம். ஆணி குத்தினாலும் தெரியாது. சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. காலுக்கு வரும் இரத்தமும் குறையலாம். அப்போது புண் எளிதில் ஆறாது. உள்ளே அழுகும். கவனிக்காமல் விட்டால் விரலை எடுக்க நேரும். சில சமயம் காலையே எடுக்க நேரும்.

மறுநாள் மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுகிறார். சர்க்கரையின் அளவைப் பார்த்து மருந்தை மாற்றுகிறார். புண் ஆறும் வரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம் என்கிறார். சில வாரங்களில் புண் ஆறுகிறது. அந்தக் கால் பிழைத்ததற்குக் காரணம் மருந்து மட்டும் அல்ல. சரியான நேரத்தில் பார்த்த கண்ணும் காரணம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு அது. ஆகவே நம் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

காலைப் பிடிக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

• புண், கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா?
• விரல் இடுக்கு வெளுத்து ஊறியிருக்கிறதா?
• எங்காவது மரத்துப் போயிருக்கிறதா?
• இரவில் எரிச்சலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ உண்டா?
• உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா?

ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. முழுவதும் குணமாகும்.

எப்போது பிடிக்கக் கூடாது?

• ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் தொடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

• கால் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பிடிக்காதீர்கள்.

• எலும்பு முறிவு, புதிய சுளுக்கு, புண் இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள்.

• கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தால் அதன்மேல் அழுத்தாதீர்கள்.

• கர்ப்பிணிக்கு மாலையில் இரண்டு பாதமும் லேசாக வீங்குவது உண்டு. பாதத்தை மென்மையாக நீவலாம். ஆனால் முகமும் கையும் வீங்கினாலோ, தலை வலித்தாலோ, கண் மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்த அழுத்தம் கூடியிருக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காலைப் பிடிப்பதால் களைப்பு போகும். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ போகாது. அவற்றுக்கு மருந்தை நிறுத்தக் கூடாது.

யார் காலை யார் பிடிப்பது?

பல வீடுகளில் கால் பிடிப்பது பெண்ணின் வேலையாக இருக்கிறது. மாமியார் காலை மருமகள் பிடிக்கிறார். கணவன் காலை மனைவி பிடிக்கிறார். பாட்டி காலைப் பேத்தி பிடிக்கிறாள். அந்த மருமகள் காலை யார் பிடிக்கிறார்கள்?

அவரும் காலை முதல் சரிவில் நின்றவர்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அடுப்படியில் நிற்கிறார். தண்ணீர் பிடிக்க நிற்கிறார். அவர் காலில் முள் இருந்தால் யார் கண்ணில் படும்?

மனைவியின் காலைத் தொடுவது இழிவு என்று சில ஆண்கள் நினைக்கிறார்கள். கணவன் தொட்டால் பாவம் என்று சில பெண்களும் கூசுகிறார்கள். காலுக்கு ஆண் பெண் தெரியாது. வலி எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டில் முறை வைத்துக்கொள்ளலாம். இன்று அவர் பிடித்தால் நாளை இவர் பிடிக்கட்டும்.

தனியாக இருப்பவர் தன் காலைத் தானே பிடிக்கலாம். உட்கார்ந்து ஒரு காலை மறு தொடைமேல் வைத்துக்கொண்டால் கை எட்டும். சப்பாத்திக் கட்டையைத் துணியால் சுற்றித் தரையில் போட்டு, உள்ளங்காலால் உருட்டலாம். காலைத் தலையணைமேல் உயர்த்திப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தாலும் வீக்கம் குறையும்.

வேலை செய்யும் இடத்திலும் காலுக்கு ஓய்வு வேண்டும். கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் அங்கே கடைச் சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாட்டிலும் திருத்தப்பட்டது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது இப்போது இந்த இரு மாநிலங்களிலும் சட்டம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் அதிக நேரம் நிற்பவர் யார்?
2. காலை ஏன் கீழிருந்து மேலாக நீவ வேண்டும்?
3. வலிக்காத புண் ஏன் ஆபத்தானது?
4. எந்தெந்த நேரத்தில் காலைப் பிடிக்கக் கூடாது?

செய்து பார்ப்போம்

இன்று இரவு வீட்டில் ஒருவருடைய காலைப் பத்து நிமிடம் பிடித்து விடுங்கள். இதுவரை யாரும் பிடித்து விடாத காலாக அது இருக்கட்டும். பாதத்தில் என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்.